கொக்கியில் தொங்கிய பங்கு

என் அண்ணி கனிஷாய் வீட்டில் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எங்கள் நாரின் ஆற்றுப் பக்கத்து மலையூர்களில் மருமகள்கள் புகுந்த வீட்டாரின் பெயரை உச்சரிப்பதில்லை. ஆளைப் பார்த்துத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு அவள் வைத்த பெயர் 'பெரிய தொப்பி'. எனக்கு 'பட்டக்காரர்'. எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகத்து வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தப் பெயர் எனக்கு இனிக்கும். அண்ணன் எர்மெக் முதலில் 'நெட்டையர்'. அவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனபின் 'தூரத்துக்காரர்' ஆனான்.

குளிர்கால விடுமுறைக்கு நான் போயிருந்தபோது, ஒரு நாள் காலையில் எல்லோருக்கும் வேலை இருந்தது. அப்பா கொட்டகைக் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஓடையில் உறைந்த பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது என் பொறுப்பு. அண்ணி அதற்குள் பால் கறந்து, புல் போட்டுவிட்டு, அடுப்புக்கு வரட்டி அடுக்க வந்துவிட்டாள்.

"என்ன பட்டக்காரரே, கோடாலிகிட்ட பாடம் நடத்துறீங்களா?"

"கை விறைச்சுப் போச்சு அண்ணி."

"மூக்கும்தான். அந்தச் செவப்பப் பாத்தா கறுப்பி மிரண்டு ஓடிடுவா."

கறுப்பி எங்கள் பசு. அண்ணி சிரிக்காமலே சொல்வாள், சிரிப்பது நாங்கள்தான். பிறகு ஆறு இறங்கிப் போகும் திசையைப் பார்த்தபடி சற்று நிற்பாள். ஆற்றோடு போனால் அரைப் பகல் தூரத்தில் அவள் பிறந்த வீடு. கோடையில் புல்லறுப்பு, குளிரில் மாடுகள். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. அண்ணி அங்கே போய் நான்கு குளிர்காலம் ஆகிவிட்டது.

மதியம் சூப்புக்கு இறைச்சி வெட்ட அம்மா கொட்டகைக்குள் போனாள். அண்ணி தட்டைப் பிடித்தாள். நான் வாசலில் வரட்டி சுமந்துகொண்டிருந்தேன். முன்பனியில் அறுத்த மாடு உப்பேறித் தொங்கியது. ஓரத்துக் கொக்கியில் தனியாக ஒரு துண்டு, தொடையெலும்போடு. அது அண்ணனுடையது. வெளியூரில் இருப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கித் தொங்கவிடுவோம். ஊர் வரும்போது அதை அவரே தின்ன வேண்டும். வராவிட்டால் பனி உருகும் காலத்தில் அக்கம்பக்கத்துக்குப் போகும்.

அண்ணன் ரஷ்யாவில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்ற செய்தி இலையுதிர்காலத்திலேயே வந்திருந்தது. வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அம்மா இந்த வருடமும் அவன் பங்கைக் கொக்கியில் மாட்டினாள்.

"அத்தை, அத எறக்கிடுங்க. உங்க மகன் வர மாட்டாரு."

தூரத்துக்காரர் என்று அவள் சொல்லவில்லை.

"வாயக் கழுவுடி."

"எனக்கும் ஒண்ணு தொங்குது அத்தை, எங்கம்மா வீட்டுல. வருஷா வருஷம் மாட்டி வச்சுட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அம்மாவின் கத்தி நின்றது. "நீ போயிட்டா கறுப்பிய யாரு கறக்கறது?"

அம்மா கேட்டது அது. கேட்க நினைத்தது, திரும்பி வருவாயா என்பது. அண்ணி தட்டைக் கீழே வைத்தாள்.

கூரையில் மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது. அப்பா ஏணியில் இறங்கினார். யாரையும் பார்க்காமல் குதிரையை அவிழ்த்துச் சறுக்குவண்டியில் பூட்டினார்.

"வெளிச்சம் இருக்கறப்பவே போய்ச் சேரணும். கம்பளி எடுத்துக்கம்மா."

அண்ணி ஒரு சின்ன மூட்டையோடு ஏறினாள். அம்மா அந்தத் துண்டைக் கொக்கியிலிருந்து இறக்கித் துணியில் சுற்றி அவள் மடியில் வைத்தாள்.

"வெறுங்கையோட போகாத."

"கறுப்பிக்கு வெதுவெதுன்னு தண்ணி காட்டுங்க அத்தை. பட்டக்காரர கறக்க விடாதீங்க, ஒதைப்பா."

எப்போது வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நெட்டை மரங்களைத் தாண்டி வண்டி திரும்பியதும் குதிரையின் மணிச்சத்தமும் போய்விட்டது. மீதி வரட்டியை நான் அடுக்கினேன். அன்று சாயங்காலம் வரை அந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

இருட்டும் நேரத்தில் அம்மா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். நான் விளக்கைப் பிடித்தேன். தொடையில் நல்ல பாகமாகப் பார்த்து, எலும்போடு ஒரு துண்டு வெட்டினாள். உப்பைத் தேய்த்தாள். எக்கி, அதே கொக்கியில் மாட்டினாள்.

"யாருக்கும்மா?"

"வெளிய போயிருக்கறவளுக்கு" என்றாள். "கதவச் சரியா சாத்து. பூனை வந்துரும்."