துரைசானி விட்டுப்போன பெட்டி

எங்கள் துரையும் துரைசானியும் மலாய் நாட்டில் லூனாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்கு வந்தது கலியாணமான புதிதில். நானும் என் வீட்டுக்காரரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து அப்போதுதான் ஆறு மாதம் ஆகியிருந்தது. பிழைக்க வந்த இரண்டு ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மேட்டில் பங்களா. எங்களுக்கு அதன் சமையற்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை. இவர் அங்கே சமையல், நான் துவைப்பதும் பெருக்குவதும்.

துரைக்கு முன்கோபம், கை சும்மா இருக்காது. முட்டை சற்றுக் கூடுதலாக வெந்துவிட்டால் தட்டு பறந்து வரும். ஒரு நாள் அது இவருடைய புருவத்தைக் கிழித்தது. துரைசானிதான் ஓடிவந்து பஞ்சு வைத்துக் கட்டினாள், கூடவே அழுதாள். பாவம், வெயில் தாங்காமல் பகலெல்லாம் படுத்துக் கிடப்பாள், ஊர் நினைப்பு. ஊர் நினைப்பு எனக்கும்தான் இருந்தது, படுக்க நேரமில்லை. அந்த ஒரு கட்டுக்காகவே இந்த மனுஷர் அவளுக்கு அடிமையாகிப் போனார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்று வருஷம் ஓடிற்று. ஜப்பான்காரன் வடக்கே அலோர் ஸ்டாருக்குள் நுழைந்துவிட்டான் என்று சேதி வந்த அன்று நல்ல மழை. துரையோடு தப்பிப் போகக் காரில் ஏறுமுன் துரைசானி ஒரு தகரப் பெட்டியை இவரிடம் ஒப்படைத்தாள், திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பெரிய பூட்டு, சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். உள்ளே என்ன என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கோழிக்கூண்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்.

"பூட்டை உடைச்சுப் பார்த்துடுவோமே," என்றேன்.

"அடுத்தவங்க பூட்டுல கை வைக்கிறதா? உப்புத் தின்ன வீடு புள்ள."

"உப்புப் போட்டவங்க காரேறிப் போயிட்டாங்க. நீங்க மட்டும் இன்னும் ஏன் காவல் காக்கிறீங்க?"

அரிசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எப்போதும் அப்படித்தான். நான் கத்துவேன், அவர் அரிசி களைவார்.

பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் இவரே சமையல். குனிந்து வணங்கியது போதவில்லை என்று ஒரு நாள் அடி, சோறு குழைந்தது என்று ஒரு நாள் அடி. இப்படி ஏழெட்டு மாதம் போனபின், வெள்ளைக்காரன் பெட்டி ஒன்று புதைந்திருக்கிறது என்று கூலிகள் குடியிருந்த லயத்தில் எந்தப் பாவியோ அதிகாரி காதில் ஊதிவிட்டான்.

காலையில் இவரை ஆபீஸ் முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள். நானும் பின்னால் ஓடினேன். அதிகாரி அரைகுறை மலாயில் கத்தினான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"பெட்டியில துப்பாக்கி இருக்காம். இடத்தைச் சொல்லிடு லா தம்பி, உசுரோட போயிடலாம்."

"துப்பாக்கி கிடையாதுங்க."

"அப்ப என்னதான் இருக்கு?"

"தெரியாதுங்க."

எவன் நம்புவான்? துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். முன்பற்கள் தெறித்து மண்ணில் விழுந்தன. மல்லாக்கக் கிடத்தி, முகத்தில் துணி போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊதிய வயிற்றின் மேல் ஒருவன் பூட்ஸ் காலோடு ஏறினான். வாயிலும் மூக்கிலும் தண்ணீரும் ரத்தமும் பீறிட்டன. "சொல்லித் தொலைங்களேன்!" என்று மண்ணில் புரண்டு கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் ஜப்பான்காரனைவிட அவர்மேல்தான் எனக்கு வெறி வந்தது.

"நான் காட்டுறேன்!" என்றேன்.

நானே மண்வெட்டி எடுத்துத் தோண்டினேன். ஒரு சிப்பாய் பூட்டை உடைத்தான். துப்பாக்கி இல்லை, வெள்ளிச் சாமான் இல்லை. இரண்டு கம்பளிக் கோட்டு, கையுறை, காலுறை, பாச்சை உருண்டை. என்றைக்காவது சொந்த ஊர் போய் இறங்கும்போது போட்டுக்கொள்ள வைத்திருந்த குளிர்காலத் துணி. அடக் கடவுளே, இதற்கா! நான் சிரித்துவிட்டேன். மனுஷர் பிழைத்தார் என்று வந்த சிரிப்பு அது.

அதிகாரி சிரிக்கவில்லை. தன்னை வைத்து விளையாடுகிறோம், துப்பாக்கி வேறெங்கோ இருக்கிறது என்றே நினைத்தான். இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இவருக்கு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டு, முற்றத்து வெயிலில் நிற்கவைத்தான். தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க ஒரு கருங்கல். கை தாழ்ந்தால் மூங்கில் கழி முதுகில் இறங்கும். நான் தண்ணீர் கொண்டு ஓடினேன். ஒரு சிப்பாய் குவளையை உதைத்துத் தள்ளி, என் தலைமயிரைப் பிடித்துத் தூணில் மோதினான். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். இவர் விழுந்தார், உதைத்து எழுப்பினார்கள். மறுபடி விழுந்தார். மூன்றாம் முறை எழுப்ப முடியவில்லை. உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது.

கிராணியும் நானும் தூக்கி வந்து எங்கள் அறையில் கிடத்தினோம். கிராணி போனதும் கோட்டுகளைக் கழற்றினேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. புடவைத் தலைப்பை நனைத்து நனைத்துத் துடைத்தேன். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தார். தண்ணீர் கேட்கப்போகிறார் என்று குனிந்தேன்.

"கோட்டு கிழிஞ்சிருச்சா புள்ள? துரைசானி கேட்டா என்ன சொல்றது?"

உன் நெற்றியில் என்ன ரத்தம் என்று கேட்கவில்லை. துரைசானி! அந்த உடைந்த வாயின் மேலேயே ஓங்கி அறைந்துவிட்டேன். கலியாணமான நாளிலிருந்து அவர் என்மேல் கை வைத்ததில்லை. நானும் வாயால் அடித்ததோடு சரி. அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கஞ்சி வைத்து, ஆற்றி, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். உடம்பு ஆறிப்போயிருந்தது, மூச்சில்லை. காலையிலிருந்து அத்தனை பேர் அடித்தார்கள். அவர் கடைசியாக வாங்கிய அடி என்னுடையது.