சமையலுக்கு மட்டும் ஒரு நிபந்தனை

உங்கள் தாயைக் குளிப்பாட்டிய கை, அதே தாய்க்குச் சோறு வைத்தால் மட்டும் ஆகாத கையாவது எப்படி? பதில் இருக்கிறதா உங்களிடம்?

அன்புக்கரசி தினமும் இந்தக் கேள்வியோடுதான் வேலை பார்க்கிறாள். தியாகராய நகரில், நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடியறை. முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் அது. யார் வீட்டுக்கு யார், எப்போது என்று கணினியில் போடுபவள் அவள் ஒருத்திதான். குடிசை இடிக்கப்பட்டு, அடையாற்றங்கரையிலிருந்து நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கியெறியப்பட்ட குடும்பம் அவளுடையது. நாள் முழுக்கப் போனில் பேசுகிறாள். "நீ சாப்பிட்டியா" என்று கேட்க அதில் ஒரு குரல் கிடையாது.

மயிலாப்பூரில் தனியாக இருக்கும் நீரஜா அம்மாளுக்கு மூன்று சேவைகள்: இன்சுலின் ஊசி, குளியல், சமையல். கணினியில் மூன்றும் தனித்தனி வரிகள். ஒன்று தவறினால் மற்றதற்குத் தெரியாது. சமையல் வரியில் மட்டும் வெளிநாட்டிலிருக்கும் மகன் போட்ட நிபந்தனை: "எங்கள் ஆட்கள் மட்டும்." குளிப்பாட்ட வரும் சகினாவின் பெயரை அங்கே போட்டால் கணினி ஏற்காது.

ஒரு மழைநாள் காலை சமையல்காரி வரவில்லை. நர்ஸோ ஊசி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். சகினா போன் செய்தாள்.

"இன்னாம்மா, சமையலுக்கு ஆளே வர்ல. அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது."

"ஊசி போட்டாச்சு, வயிறு காலி, சுகர் எறங்கியிருக்கும். மொதல்ல சக்கரைத் தண்ணி குடுக்கா. அப்பால உப்புமா கிண்டு."

"நானா? கிச்சன்ல கால வெச்சா என் வேல பூடும்மே!"

"போனா என் வேல போவட்டும். நீ அடுப்பப் பத்த வை."

நிபந்தனையை நீக்கிவிட்டுச் சகினாவின் பெயரைப் போட்டாள் அன்புக்கரசி. பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அது அடித்தது. நீரஜா அம்மாள்.

"உப்புமாவாடி இது? உப்பே இல்லை! நாளைக்கு ஒழுங்காப் பண்ணச் சொல்லு. அவ இன்னும் கொஞ்ச நாழி இருந்துட்டுப் போகட்டும். ஆத்துல பேச ஒருத்தருமில்லை. ஆமாம், நீ சாப்ட்டியோ?"

"சாப்ட்டேம்மா" என்று பொய் சொன்னாள் அன்புக்கரசி.

சமையல் வரியில் வந்த பெயர் மகனின் செல்போனுக்கும் போயிருந்தது. மாலைக்குள் அந்த வீட்டிலிருந்தே சகினா நீக்கப்பட்டாள். நிபந்தனைகளைத் திருத்தும் அனுமதியும் அன்புக்கரசியிடமிருந்து பறிபோனது. "கஸ்டமர் கேக்கறதக் குடு. ஊரைத் திருத்தறதுக்கு வேற எடம் பாரு" என்றார் மேலாளர்.

மறுநாள் காலை நீரஜா அம்மாள் கூப்பிட்டார். "சகினா எங்கேடி? இன்னிக்கு யாரோ புதுசா வந்து நிக்கறா."

என்ன சொல்வாள்? உங்கள் பிள்ளைதான் அவளை நீக்கச் சொன்னார் என்றா? எதிர்முனையில் அம்மாள் காத்திருந்தார். "மொதல்ல நீங்க சாப்ட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள் அன்புக்கரசி.

சாதியும் மதமும் பார்க்கக் கணினிக்குத் தெரியாது. நாம்தான் கற்றுக்கொடுத்தோம். உங்கள் வீட்டுக்கு ஆள் கேட்டு அழைக்கும்போது, "ஏதாவது நிபந்தனை உண்டா?" என்று ஒரு பெண் தயங்கிக் கேட்பாள். இல்லை என்று சொல்லுங்கள். அப்படியே, அவள் சாப்பிட்டாளா என்றும் கேளுங்கள்.