வைரக்கண்ணுவின் நாக்கும் ஒரு காளைச் சுறாவும்

முத்துப்பேட்டைப் பக்கம் ஆறு காயலைத் தொடுகிற இடத்தில் ஒரு கடைமடை ரெகுலேட்டர் இருக்கிறது. வைரக்கண்ணு அங்கே இருபத்தொன்பது வருஷமாகப் பொதுப்பணித்துறை லஸ்கர், ஷட்டர் காவலாள். வெள்ளம் வந்தால் ஷட்டரைத் தூக்கிக் கடலுக்கு விடுவார். கடல் ஏறினால் இறக்கி அடைப்பார். மேலே நானூறு ஏக்கர் சம்பா. உப்பு ஏறினால் பயிர் கருகிவிடும். அதனால் தினமும் விடிந்ததும் படியில் இறங்கி, ஷட்டருக்கு மேல்பக்கம் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார். ஆபீசில் கொடுத்த உப்பு பார்க்கும் மீட்டர் டப்பாவோடு அலமாரியில் இருந்தது.

நாக்கு மழுங்கக் கூடாதென்று வீட்டில் ஊறுகாயும் கருவாடும் கிடையாது. சாம்பாரில் உப்பு பேருக்குத்தான். "இவரு நாக்கை பி.டபிள்யூ.டி.க்கு எழுதிக் குடுத்துட்டாரு. கூடச் சேர்ந்து நானும் பத்தியம் இருக்கேன்" என்பாள் மனைவி மங்களாம்பிகை.

ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஐப்பசி அடைமழையில் அது நடந்தது. ஷட்டருக்கு மேலே ஆற்றில் சித்தீக் வீசிய வலையில் ஒரு சுறாக்குட்டி. இரண்டரை அடி நீளம். வலையோடு படியருகே தண்ணீரில் கட்டி வைத்தார். ஒரு மணி நேரத்தில் பாதி ஊர் கரையில் நின்றது.

சிங்கப்பூரிலிருந்து திரும்பி எட்டு ஏக்கர் குத்தகை எடுத்திருந்த அரவிந்தன்தான் முதலில் பாய்ந்தான். "சுறா ஏறியிருக்குன்னா உப்பும் ஏறியிருக்கு. ஷட்டரை அடைக்காம தூங்கிட்டீங்களாண்ணே?"

சித்தீக் தஞ்சாவூர்க் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் மகள் தஹ்மீனாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அத்தா, மூக்கு மொண்ணையா இருக்கா? கண்ணு சின்னதா?"

"ஆமாம்மா. உங்க சின்ன மாமா மாதிரி."

"அப்ப காளைச் சுறாவாத்தான் இருக்கும். பெரிய வெள்ளைச் சுறா பஸ் கணக்கா வளரும், ஆனா கடலோட சரி. புலிச்சுறா தகர டப்பாவைக்கூட முழுங்கும், அதுவும் ஆத்துல ஏறி நிக்காது. கொள்ளிடத்து முதலை ஆத்தை விட்டுக் கடலுக்குப் போகாது. இது ரெண்டுலயும் வேட்டையாடும். நல்ல தண்ணிக்கு வந்தா உடம்புல உப்பைப் பிடிச்சு வச்சுக்கும். வெள்ளம் வெளியே போறப்ப எதிர்த்து நீந்தி வந்திருக்கும்."

"மாப்பிள்ளை வீட்டுப் பந்தியிலயும் உக்காரும், பொண்ணு வீட்டுப் பந்தியிலயும் உக்காரும்னு சொல்லு" என்றார் சித்தீக்.

அரவிந்தன் சிரிக்கவில்லை. "சுறா தனியா வந்திருக்கலாம். உப்பு வரலைன்னு யாரு சொல்றது? அண்ணன் வாயில வச்சுப் பார்த்துச் சொல்லட்டும், கலைஞ்சு போயிடுறோம்."

மீட்டரை எடுத்தார்கள். உள்ளே பாட்டரி பொங்கிப் பச்சை பூத்திருந்தது.

வைரக்கண்ணு படியில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மழையில் நனைந்து பிடித்த சளி. மூன்று நாளாகக் காபியும் கஷாயமும் ஒன்றுதான். பழக்கதோஷத்தில் தினமும் அள்ளினாரே தவிர யாரிடமும் சொல்லவில்லை. இப்போது 'நல்ல தண்ணி' என்றால் நம்பிவிடுவார்கள். ஒருவேளை இல்லையென்றால், நானூறு ஏக்கர்.

தண்ணீரைத் துப்பினார். "மூணு நாளா எனக்கு நாக்கே இல்ல தம்பி. சளி. சொல்லாம இருந்துட்டேன். அது என் தப்பு."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற மங்களாம்பிகை கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினாள். தூக்கைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அள்ளி ஒரு வாய் குடித்தாள்.

"உப்பா? எங்க வீட்டு ரசத்தைவிடச் சப்புன்னு இருக்கு!"

கரை முழுக்கச் சிரிப்பு. அரவிந்தனும் இறங்கிக் குடித்துப் பார்த்தான். இரண்டாவது கையும் குடித்தான். "நல்ல தண்ணிதான். மன்னிச்சுக்கங்கண்ணே." பிறகு தூக்கைத் திறந்து ரசத்தில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தான். "இதையா இருபத்தொன்பது வருஷமா சாப்பிடுறீங்க?"

சித்தீக் சுறாவை வலையோடு தூக்கிப் போய்க் காயல் பக்கம் விட்டார். அது வாலை ஒரு வெட்டு வெட்டிவிட்டு மறைந்தது.

சளி விடும்வரை, விடிகாலையில் படியிறங்கித் தண்ணீர் பார்த்தது மங்களாம்பிகைதான். அதற்குக் கூலியாக ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் அந்த வீட்டுக்குள் வந்தது. வைரக்கண்ணுவே வாங்கி வந்தார்.