அடிமனை

என் நண்பனுக்கு நேர்வழி என்றாலே ஆகாது. ஊரெல்லாம் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் நீயும் போட்டுக்கொண்டு போயேன்! அவனோ, அடியில் இருந்து எல்லாவற்றையும் இயக்கும் லினக்ஸ் கர்னலைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு அமைப்பின் கர்னலை வைப்பான். மேலே ஓடும் மென்பொருளெல்லாம் லினக்ஸில் ஓடுகிற அதே சரக்குதான். பெண் பார்க்கப் போன இடத்தில் "கர்னல்ல வேலை செய்றேன்" என்று சொல்லித் தொலைத்து, மாமனார் மாப்பிள்ளையைப் பட்டாளத்துக் கர்னல் என்று நினைத்துக்கொண்ட கூத்தும் நடந்தது.

"எதுக்குடா இந்த வேண்டாத வேலை?" என்பேன்.

"எங்க வீடும் அப்படித்தானடா? அடிமனை கோயிலுது, மேல கட்டடம் எங்களுது. நிக்கலையா?"

ஒரத்தநாட்டில் அவன் மனைவி நடத்துகிற மாட்டு மருந்துக் கடையின் பில் மெஷினையும் அப்படித்தான் அமைத்தான். அடியில் எதெது ஒத்துவரவில்லையோ அதையெல்லாம் அவனே உட்கார்ந்து சரிசெய்தான். பிறகு, கவனிக்க ஆளில்லை என்று அந்தக் கலவையையே உலகம் கைவிட்டது. மாற்றிவிடுடா என்று தலையால் அடித்துக்கொண்டேன். "நான் இருக்கேன்ல, பாத்துக்குறேன்" என்றான். பாத்துக்கிட்ட லட்சணம்! அடுத்த குறுவை நடவுக்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம்தான்.

பழைய மெஷினில் வரி கட்டும் இணையதளம் திறக்காமல் போனபோது அவன் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, மாத்தித்தான் ஆகணும்னா மாத்துங்க. ஆனா அவரு போட்டு வச்சது போயிடக் கூடாதுங்க."

"அடி மட்டும்தாம்மா மாறும். மேல அப்படியே இருக்கும்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவன் போட்டதெல்லாம் அந்த அடியில்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடையில் தாது உப்பு வாடைக்கு நடுவே உட்கார்ந்து பில் விவரங்களை எடுத்து வைத்தேன். அவன் கர்னலை அழித்து லினக்ஸைப் போட்டேன். பில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் ஓடியது.

மறுநாள் காலை கடை திறக்கும்போது நானும் இருந்தேன். மெஷினைப் போட்டதும் திரையில் எழுத்துகள் ஓடும். அது ஓடி முடிவதற்குள் அவன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிடுவது அந்த அம்மாவின் வழக்கம். அன்று வத்தியைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்தார்.

"எழுத்து பளிச்னு வெள்ளையா ஓடுமே அண்ணே. மங்கலா ஓடுது."

"அது அடிம்மா. மேல பாருங்க, ஒண்ணும் மாறல."

திரையில் பழைய பில் பக்கம் வந்து நின்றது. அதே கட்டங்கள், அதே நிறம்.

"ஆமாங்க. அவரு போன மறுநாள் காலையில எங்க வீடும் இப்படித்தான் இருந்துச்சு. ஒண்ணும் மாறல."