சுபேதார் ஊதிய விசில்

வேதாசலம் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது எண்பத்திரண்டில். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருங்களத்தூர் ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு இறங்கி, நேரே என் வாடகை சைக்கிள் கடைக்கு வந்து, "தம்பி, இதைக் கேரியர்ல கட்டு" என்றார். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொடுத்தேன். அந்தக் குரலுக்கு முன்னால் வாய் யோசிப்பதற்குள் கை வேலையை முடித்துவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் நல்லதுதான் செய்தார். அப்போது ஊரில் எவனாவது ஆட்டைத் திருடுவான், கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போவான். போலீஸ் தாம்பரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் திருடன் குளித்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பான். வேதாசலம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த எங்கள் தெரு ஆம்பிளைகளைச் சேர்த்து ஒரு காவல் படை வைத்தார். விடிந்ததும் கரைமேல் கவாத்து. கழுத்தில் தொங்கும் பித்தளை விசிலை அவர் நீளமாக ஊதினால், எவனாக இருந்தாலும் போட்டது போட்டபடி கரைக்கு ஓடிவர வேண்டும். வராதவனைக் கல்லுமேல் முட்டி போட வைப்பார். சிரித்த முகமாகத்தான் செய்வார்.

படையில் முதல் ஆள் மாரி. என் அக்கா அம்மணியின் புருஷன், கொத்தனார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அவனுக்கு மரியாதை போட்டு எழுத மனசு வரவில்லை.

"இன்னா மாமா, அவரு ஊதுனா நாய் கணக்கா ஓடற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"டேய் சேட்டு, முன்ன நம்மள எவன்டா மதிச்சான்? இப்ப பெரிய வூட்டுக்காரன்கூட 'வாப்பா மாரி'ன்றான். எல்லாம் அவராலதான்."

அக்கா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். "ஒரு நாளு நானும் கூப்புடுவேன், அந்த ஆளும் ஊதுவான். நீ எந்தப் பக்கம் ஓடுவன்னு அப்ப பாக்கறேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மாரி சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

எண்பத்தாறில் வேதாசலம் பஞ்சாயத்துத் தலைவர் ஆனார். எங்கள் தெரு ஓட்டு ஒன்றுகூடச் சிதறவில்லை. அப்புறம் காக்கி போய்க் கரைவேட்டி வந்தது. ஏரிக்குள்ளேயே கல் நட்டு மனை போட்டார்கள், தலைவர் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ்காரர்கள் வந்து மாடி வீடு கட்டினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்து ஓட்டு எங்களைத் தாண்டிவிட்டது. கவாத்து நின்றுபோனது. விசிலை மட்டும் அவர் கழற்றவில்லை.

அடுத்த தேர்தல் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது. உள்ளே கட்டிய வீடுகளில் தண்ணீர் ஏறியது. அவர்கள் குடையோடு போய்த் தலைவர் வாசலில் நின்றார்கள். கரையை வெட்டிவிட்டால் அங்கே தண்ணீர் இறங்கிவிடும். ஆனால் கரைக்குக் கீழே இருப்பது நாங்கள்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் கணுக்கால் தண்ணீர். அவள் பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. பெண் குழந்தை, இன்னும் பேர்கூட வைக்கவில்லை, தூளியில் தூங்கியது. "சேட்டு, நீ போயி ஏறிப் போவ ஒரு மீன்பாடி வண்டி இட்டா. நாங்க கொழந்தைய எடுத்துக்கினு ரெடியா இருக்கோம்" என்றான் மாரி. நான் தெருமுனை தாண்டவில்லை, கரைமேல் விசில் கேட்டது. நீளமாக.

திரும்பிப் பார்த்தால் ஆம்பிளைகள் அத்தனை பேரும் ஓடுகிறார்கள். மாரியும்தான். பின்னாலிருந்து அக்கா கத்துகிறாள். நானும் கத்தினேன்.

"யோவ் மாமா! அவள வுட்டுட்டு எங்கய்யா போற?"

"தோ வந்துடறேன்டா, தலைவர் கூப்புடறாரு!"

கரைமேல் நடந்ததைப் பிறகு அங்கே இருந்தவர்களே சொன்னார்கள். வேதாசலம் பிரம்பால் இடத்தைக் காட்டி, "வெட்டு" என்றாராம். "கீழ வூடுங்க கீது தலைவரே" என்று ஒருத்தன் முனகியிருக்கிறான். "வாய்க்கால் அளவுக்குத்தான் போகும். வெட்டுடா" என்றாராம். முதல் மண்வெட்டியைப் போட்டவன் மாரி. ஊறிப்போன மண்கரை, வாய்க்கால் அளவோடு நிற்குமா?

நான் வண்டியோடு வந்தபோது தெரு இல்லை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் அக்கா ஒரு கையால் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் தூளித்துணி இருந்தது. துணி மட்டும்தான் இருந்தது.

வேதாசலம் அரிசியும் புடவையும் கொண்டுவந்தார். "இயற்கையை யார் தடுக்க முடியும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாரி அக்கா காலடியில் விழுந்து, "காலு தானா போச்சு அம்மணி, நான் போவல" என்று அழுதான். இனி அந்த விசிலுக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். அந்த ஒரு சத்தியத்தை நம்பித்தான் அக்கா அவனோடு இருந்தாள். அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் பதவிக்காலம் முடிந்தது. ஊரெல்லாம் அதிகாரிகள் நிர்வாகம். வேதாசலம் வடக்கே மகன் வீட்டுக்குப் போய்விட்டார். விட்டது சனியன் என்று இருந்தேன். தொண்ணூற்றாறில் தேர்தல் என்றதும், வேட்டியில் வேறொரு கரையோடு வந்து இறங்கினார். எங்கள் தெருவிலேயே கூட்டம் போட்டார், ஒரு சாயங்காலம்.

எல்லாரும் மண்ணில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தனும் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. பின்னாலிருந்து எவனோ, "எங்க வூடு எங்கய்யா?" என்று கத்தினான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வேதாசலம் கோபப்படவில்லை. சிரித்தார். சட்டைக்குள்ளிருந்து அந்தப் பித்தளை விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

மாரி எழுந்து நின்றான். குதிகால் சேர்த்து, கை இரண்டும் தொடையோடு ஒட்டி. அவனைப் பார்த்து இன்னொருத்தன் எழுந்தான். அப்புறம் வரிசையாகப் பழைய படை முழுக்க.

அக்கா உட்கார்ந்தபடியே அண்ணாந்து அவனைப் பார்த்தாள். அவள் அழவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து, "சேட்டு, சைக்கிள எடு" என்றாள்.

தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தேன். மாரி அப்படியேதான் நின்றுகொண்டிருந்தான். அவனை இன்னும் யாரும் உட்காரச் சொல்லவில்லை.