துணியை மிச்சம் பிடிக்கும் சாப்ட்வேர்

டிசைன் காலேஜுக்கு என் ஓவியங்களைத் தொகுத்து நாளைக்குள் அனுப்ப வேண்டும். போட்டோஷாப்பா, பவர்பாயிண்டா என்று காலையில் குழம்பிக்கொண்டிருந்தேன்.

பனியன் கம்பெனியில் கட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் பார்க்கும் மாமா, "அதெல்லாம் எதுக்கு கண்ணு? எங்க கம்பெனி சாப்ட்வேர்லயே போட்டுக்கலாம் வா" என்று அழைத்துப் போனார்.

துணி வீணாகாதபடி பனியனின் துண்டுகளை நெருக்கி அடுக்கும் சாப்ட்வேர் அது. மாமா பட்டனைத் தட்டினார். நான் வரைந்த அம்மா தலைகீழானாள். அவள் கழுத்து இடுக்கில் தாராபுரம் பஸ் ஸ்டாண்ட் படுத்துக்கொண்டது. அத்தனை ஓவியங்களும் ஒரே தாளில்!

"பக்கத்துக்கு ஒண்ணுதானுங்க மாமா வரணும்."

மாமா பதறிவிட்டார். "சுத்தியும் வெள்ளையா விட்டா அத்தனையும் வேஸ்ட்டு கண்ணு!"

கொஞ்சமாவது வீணாக்கத் தெரிந்த சாப்ட்வேர் யாரிடமாவது இருக்கிறதா?