கூரைமேல் விரித்த சாக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஐப்பசி மழையில், அரவேணுவுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் குறை இருந்தால் இதைப் படிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைகளிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் ஓட்டுவது என் வேலை. அரைத்துப் புளிக்கவைத்த தேயிலைத் தூளைச் சூடான காற்றில் காயவைக்கும் பெரிய மெஷின் அது. செம்பு நிறத்தில் ஈரமாக உள்ளே போகிற தூள், மறுபக்கம் கறுத்துக் காய்ந்து வரும்.

என் மூத்த மகள் நர்ஸ். படிப்பு முடித்துக் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் வேலை பார்த்தாள். இங்கிலாந்துக்குப் போய் நர்ஸாக வேலை செய்ய வேண்டும் என்பது அவள் வைராக்கியம். அதற்கு முதலில் ஒரு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. மூன்றாவது முறைக்கு அவள் கிளம்பியபோது என் மனைவி, "போதும் சாமி, இருக்கிற வேலையே போதும்" என்றாள்.

"பாஸ் பண்ற வரைக்கும் எழுதுவேம்மா. அவங்களுக்குச் சலிக்கட்டும், எனக்குச் சலிக்காது" என்றாள் மகள். அந்த முறை பாஸ் செய்துவிட்டாள். அடுத்தது அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் இன்டர்வியூ. ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிற இன்டர்வியூ.

கோயில் திருவிழாவுக்காக அவள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். இன்டர்வியூ அடுத்த வாரம் என்று நினைத்திருந்தோம். திடீரென்று ஒரு காலையில் அவள் ரோட்டு வளைவுக்குப் போய் ஃபோனைப் பார்த்தபோது மெயில் வந்திருந்தது. இன்றைக்கே, நம்முடைய நேரத்துக்கு மத்தியானம் இரண்டரை மணிக்கு என்று இருந்தது. முந்தின நாள் மழையில் ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. கோத்தகிரிக்குக்கூடப் போக முடியாது. எஸ்டேட் எங்களுக்குக் கொடுத்திருக்கிற லைன் வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே ஃபோன் எடுக்காது. எஸ்டேட்டில் நல்ல சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். ரோட்டு வளைவில், பறித்த இலையை எடை போடுகிற தகர ஷெட்.

நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். இலை வாடை போக ஷெட்டைக் கழுவினோம். எடைத் தராசு தெரியாமலிருக்க என் மனைவி பின்னால் வெள்ளைப் போர்வை கட்டினாள். தலைகீழாகக் கவிழ்த்த பெட்டிமேல் ஃபோனைச் சாய்த்துவைத்து, மகள் யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டரை ஆனது. மூன்று ஆனது. ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று அங்கிருந்து செய்தி வந்தது.

மூன்றரைக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் வந்த அதே நேரம் மழையும் வந்தது.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மகள் "சாரி, சாரி" என்று குனிந்து ஃபோனில் காதை வைத்தாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. இலைச் சாக்கை ஃபேக்டரி லாரியில் ஏற்றுகிற ஆள் ஒருவர் வெளியே நின்றிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைந்தவர். முன்பு என்னோடு ஃபேக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு போட்டவர்தான். அவர் ஏன் சாக்குத் தூக்க வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த காலிச் சாக்குகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து மண்திட்டின் மேல் ஏறிக் கூரைக்குப் போனார். மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே சாக்கை இரட்டையாக விரித்துக் கல் வைத்தார். மழைச் சத்தம் பாதியாக அடங்கிவிட்டது. சாக்கு நனைந்து ஊற ஊற இன்னும் குறைந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள்.

மழையால் மேஸ்திரி வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டார். இலை பறிக்கிற பெண்கள் முப்பது பேர் தலையில் இலைச் சாக்கோடு, வழக்கம்போலச் சத்தமாகப் பேசிக்கொண்டு ஷெட்டை நோக்கி இறங்கி வந்தார்கள். கூரையில் சாக்கு விரித்தவர் ஓடிப்போய்ப் பாதையிலேயே அவர்களை நிறுத்தினார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளை சீமைக்காரங்ககிட்டப் பேசிட்டிருக்குது. கொஞ்ச நேரம் வாயைக் கட்டிட்டு நில்லுங்க."

"நிக்கறமுங்க. ஆனா எங்களை வாயைக் கட்டச் சொல்ற மொத ஆம்பளை நீங்கதான்" என்றாள் ஒருத்தி. ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் இல்லை. சாக்கை இறக்கிவைத்துவிட்டு, பிளாஸ்டிக் தாளைத் தலைமேல் பிடித்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றார்கள். லாரி வருகிற நேரமானதும் அவர் மேல் வளைவுக்குப் போய், அங்கேயே எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நான் போர்வைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் 'மிஸ்டேக்' என்ற வார்த்தை ஃபேக்டரியில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். நரைத்த தலை அம்மா ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி ஏதோ கேட்டார். என் மகள் பேச ஆரம்பித்தாள். 'மை மிஸ்டேக்' என்றாள். 'மெடிசின்' என்றாள். 'ராங் பேஷன்ட்' என்றாள். போர்வையை விலக்கி உள்ளே போய் அவளைத் தடுக்கலாமா என்று பார்த்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. தப்பு நடந்தால் வாயைத் திறக்காதே, கேட்டால் தெரியாது என்று சொல். எஸ்டேட்டில் தப்பை ஒத்துக்கொண்டால் மறுநாளே வார்னிங் லெட்டர் வரும். லெட்டர் சேர்ந்தால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கிற லைன் வீடும் போகும். இந்தப் பயத்திலேயே வளர்ந்தவன் நான். அதையே பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்.

இன்டர்வியூ முடிந்து ஃபோனை அணைத்ததும் நான் பாய்ந்தேன்.

"என்னத்துக்கு அதைச் சொன்னே?"

"கேட்டாங்க, சொன்னேம்ப்பா."

"அவங்க வந்து பார்த்தாங்களா? அப்படி ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே! மூணு தடவை பரீட்சை எழுதி, இத்தனை கஷ்டப்பட்டு, கடைசீல உன் வாயாலயே கெடுத்துட்டு நிக்கிற!"

அவள் அழவில்லை. எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "ஒரு அம்மாவுக்குத் தர வேண்டிய மாத்திரையைப் பக்கத்துப் படுக்கைல இருந்தவங்களுக்குக் குடுத்துட்டேன். வேலைக்குச் சேர்ந்த மொத வருஷம். தெரிஞ்ச அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அதனால அவங்க பொழச்சாங்க. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி வாயை மூடிட்டு இருந்திருந்தா அவங்க ஊட்டுக்கே திரும்பிப் போயிருக்க மாட்டாங்க. இதை மறைச்சாத்தான் வேலைன்னா அந்த வேலை எனக்கு வேண்டாம். வேற ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் உக்காருவேன். அப்பவும் இதைத்தான் சொல்லுவேன்."

பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முதுகில் ஈர இலைச் சாக்கோடு, கூரையில் ஏறியவரும் நின்றார்.

"ஏனுங்ணா, புள்ளையை வையாதீங்க" என்றார். "இத்தனை பேரு மழைல நின்னது அதுக்கு வசவு வாங்கிக் குடுக்கவா?"

சொல்லிவிட்டுச் சாக்கோடு லாரிக்கு நடந்தார். முழங்கால் வலியால் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் மேடு ஏறினார். அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். என்னால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது மிச்சத்தையும் சொல்கிறேன். அதற்கு ஒரு வருடம் முன்பு, டிரையர் ஓடும்போது உறவுக்காரர் ஒருவரிடம் ஃபோனில் ஊர்க்கதை பேச நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தால் தீய்ந்த வாடை. தூள் உள்ளே போகிற வழி அடைத்துக்கொண்டு, உள்ளே இருந்தது கருகிவிட்டது. ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். "அடுப்புல விறகு அதிகமாப் போயிடுச்சு போலங்க சார்" என்றேன். அந்த ஒரு வரிதான். வார்னிங் லெட்டர் விறகு போட்டவருக்குப் போனது. அடுப்பு முன்னால் தூங்கிவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. அவரை ஃபேக்டரியிலிருந்து எடுத்துச் சாக்குத் தூக்கும் வேலைக்குப் போட்டார்கள். அந்த மனுஷன்தான் என் மகளுக்காகக் கூரையில் ஏறினார்.

மறுநாள் காலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே டீ மேக்கரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு வருஷம் கழிச்சு வந்து சொல்றியே, யாராவது மந்திரிச்சு விட்டாங்களா?"

"எம் பொண்ணுங்க சார்" என்றேன்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கையெழுத்தைத் தெளிவாகவே போட்டேன். எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது. ஒரு மாதம் டிரையரை விட்டு எடுத்து, சாக்குத் தூக்கப் போட்டார்கள். அவர் மறுபடியும் அடுப்புக்குப் போனார்.

அடுப்பு முன்னால் அவரிடம் போய் நின்றேன். "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். பிறகு, "எங்கிட்டச் சொன்னது சரிங்ணா. ஊட்டுல எம் பொண்டாட்டிகிட்டயும் வந்து நீங்களே சொல்லிருங்க. நான் தூங்கலைன்னு நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கறா" என்றார்.

போனேன். டீ மேக்கர் முன்னால் நின்றதைவிட அந்த வாசலில் நின்றதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தம்மா முழுவதும் கேட்டார்.

"ஒரு வருஷமா இந்த மனுசனை நான் திட்டாத நாளில்லைங்க. அந்தத் திட்டையெல்லாம் இப்ப யாரு வாங்கிக்கறது?"

"எனக்குக் குடுங்க."

"குடுத்து முடிக்க ரெண்டு நாளாகுமுங்க. மொதல்ல உக்காருங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ வைக்கப் போனார்.

லீவு முடிந்து மகள் கோயமுத்தூருக்குத் திரும்பிப் போயிருந்தாள். பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை. கிடைக்காது என்றே நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்த இன்டர்வியூவுக்கு அவள் விண்ணப்பம் போட ஆரம்பித்திருந்தாள். பதினோராம் நாள் நான் ஷெட்டில் சாக்கைத் தூக்கி முதுகில் வைத்த நேரம் ஃபோன் வந்தது. ஈர இலைச் சாக்கு என்ன கனம் என்று எனக்கு அந்த மாதம்தான் தெரிந்தது. சாக்கை இறக்காமலே ஃபோனை எடுத்தேன்.

"கெடச்சிருச்சுப்பா!"

மெயிலில் இருந்த ஒரு வரியை அவள் தமிழில் சொன்னாள். செய்த தவறை உடனே சொல்லி, அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சொன்னது எங்களுக்கு நம்பிக்கை தந்தது என்று அவர்கள் எழுதியிருந்தார்களாம். பக்கத்திலிருந்த பெண்கள், "பாப்பாவுக்குக் கெடச்சிருச்சா? கெடைக்காம என்ன, நாங்க வாயைக் கட்டினது சும்மாவா?" என்று கத்தினார்கள். அன்றைக்கு அடக்கிவைத்த பேச்சையும் சேர்த்துப் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

தை மாதம் கிளம்பினாள். அங்கே குளிரும் என்று ஊரே அவளைப் பயமுறுத்தியது. "கோத்தகிரில பல்லு வெளக்கினவளுக்கு அது என்ன பெரிய குளிரு?" என்று சிரித்தாள். ஏர்போர்ட்டில் எல்லா அப்பாக்களும் பிள்ளைக்குப் புத்தி சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் ஃபேக்டரித் தேயிலைப் பொட்டலத்தை அவள் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

அங்கே போய்ச் சேர்ந்தபிறகும் ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. அதில் ஒரு பகுதி முதல் தடவை போய்விட்டது. அன்றைக்கே ஃபோன் செய்து, "ஒண்ணுல போயிடுச்சுப்பா, என்ன தப்புன்னு தெரிஞ்சுகிட்டேன், மறுபடி எழுதறேன்" என்று சொன்னாள். நான் முன்பு போல இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பேன். இரண்டாவது தடவை பாஸ். இன்று அவள் அங்கே ஒரு வார்டில் வேலை செய்கிறாள்.

நான் மறுபடியும் டிரையரில்தான் இருக்கிறேன். அடுப்பில் அவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரோட்டு வளைவு ஷெட்டுக்குப் போய் மகளோடு பேசுவேன். "இந்த வாரம் என்ன தப்பு நடந்துச்சு கண்ணு?" என்று கேட்பேன். சொல்வாள். "உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்பாள். பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும் வாரங்களில் ஷெட்டுக்கு வெளியே வந்து கூரையை நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு அந்த மனுஷன் மேலே வைத்த கல் ஒன்று இன்னும் அங்கேயே இருக்கிறது, அதைப் பார்த்த பிறகு என்னால் எதையும் மறைக்க முடிந்ததில்லை.